கடலோரப் புகைபோக்கி: பிற்பகலில் ஏர்மாட் கணிப்பும் கருவி அளவும் முரண்படுவது ஏன்?

கேள்வி

வணக்கம். எண்ணூர்க் கடற்கரையை ஒட்டிய அனல்மின் நிலையப் புகைபோக்கி ஒன்றிலிருந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடின் பரவலை, முதுநிலைப் பட்ட ஆய்வுக்காக ஏர்மாட் மென்பொருளில் கணித்து வருகிறேன். புகைபோக்கியின் உயரம் 275 மீட்டர். வானிலைத் தரவு மீனம்பாக்கம் நிலையத்துடையது. கோடைப் பிற்பகல்களில், கரையிலிருந்து 3 கி.மீ. தொலைவில் ஏர்மாட் கணிப்பு மாதிரி உயர்ந்த செறிவைக் காட்ட, அங்குள்ள கருவியோ மிகக் குறைவாகப் பதிவு செய்கிறது. சுமார் 15 கி.மீ. உள்ளே, செங்குன்றத்துப் பக்கம், நிலைமை நேர்மாறாக இருக்கிறது. உமிழ்வு அளவைத் திருத்தினால் இது சரியாகுமா?

மறுமொழி 1

ஆகாது. உமிழ்வைக் கூட்டினால் செங்குன்றத்துப் பிழை குறையும், கரையோரப் பிழை பெருகும். நீங்கள் காண்பது கடற்காற்றின் விளைவு. கடலிலிருந்து குளிர்ந்து, கலக்கமின்றி வரும் காற்று, சுடும் நிலத்தைத் தொட்டதும் அதன் அடிப்பகுதி மட்டும் கொந்தளிக்கத் தொடங்குகிறது. அந்தக் கொந்தளிப்புப் படலம் உள்நாட்டை நோக்கிச் செல்லச் செல்லத் தடிக்கிறது. தடிப்பு, கரையிலிருந்துள்ள தொலைவின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும் என்பது வழக்கமான தோராயம். மீட்டரில் எடுத்த தொலைவின் வர்க்கமூலத்தை 4ஆல் பெருக்கினால் (இக்குணகம் ஏறக்குறைய 2 முதல் 5 வரை மாறும்) 3 கி.மீ.யில் 220 மீட்டரும் 15 கி.மீ.யில் 490 மீட்டரும் கிடைக்கும். 275 மீட்டரில் வெளியேறி, வெப்பத்தால் மேலும் 200 மீட்டர் எழுகிற புகை, தொடக்கத்தில் அப்படலத்துக்கு மேலாகவே செல்கிறது. படலம் அதன் உயரத்தை எட்டும் இடத்தில்தான் வேகமாகத் தரைக்கு இறங்குகிறது. ஏர்மாட்டில் இதற்கு இடமில்லை. ஒரு வானிலை நிலையத்தின் தரவிலிருந்து பெற்ற ஒரே கலப்பு உயரத்தை (தரையிலிருந்து எவ்வளவு உயரம் வரை காற்று நன்கு கலக்கிறது என்பதை) அது பரப்பு முழுவதற்கும் கொள்கிறது. அது நண்பகலில் 1500 மீட்டராக இருந்தால், உண்மையில் 500 மீட்டருக்குள் அடைபட்டிருக்கும் புகையை மூன்று மடங்கு நீர்த்ததாகக் காட்டும்.

மறுமொழி 2

மேற்கண்ட விளக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் மாதிரியை மாற்றுமுன் தரவைச் சோதியுங்கள். செங்குன்றத்தில் செறிவு உயரும் மணிகளில் காற்று கிழக்கிலிருந்து வீசியதா, கடற்காற்று தொடங்கிய பின்னரே அது உயர்ந்ததா என்று பாருங்கள். உமிழ்வுக்கும் ஆண்டுச் சராசரியை விட, புகைபோக்கியில் பொருத்திய தொடர் கண்காணிப்புக் கருவியின் மணிவாரி அளவே தேவை. இவை பொருந்தினால் கால்பஃப் என்ற மற்றொரு மாசுப் பரவல் மாதிரிக்கு மாறலாம். அதில் கரைக்கோட்டைக் கொடுத்து இப்படலத்தைக் கணக்கில் சேர்க்க வழியுண்டு. இரவில் நிலக்காற்று கடலுக்குக் கொண்டுசென்ற புகை மறுநாள் திரும்பி வருவதையும் அது பின்தொடரும். ஏர்மாட்டோ ஒவ்வொரு மணியையும் முந்தைய மணியோடு தொடர்பின்றிக் கணிக்கிறது.

கேட்டவர்

மிக்க நன்றி. மணலிப் பகுதியின் குட்டையான புகைபோக்கிகளுக்கும் இதே சிக்கல் உண்டா?

மறுமொழி 1

பெரும்பாலும் இல்லை. 40 மீட்டர் புகைபோக்கியின் புகை தொடக்கத்திலேயே அப்படலத்துக்குள் சிக்கிவிடும். உயரமானவற்றில்தான் கவலை அதிகம். ஏனெனில் நம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுகளில் ஆய்வுப் பரப்பு வழக்கமாக 10 கி.மீ. ஆரத்தோடு முடிகிறது, உச்சச் செறிவு அதற்கு வெளியே விழக்கூடும். ஆகவே உங்கள் கணிப்புப் புள்ளிகளை மேற்கே 25 கி.மீ. வரையாவது நீட்டுங்கள்; அங்கு வாழும் மக்கள் எந்த அறிக்கையின் வரைபடத்திலும் இடம்பெறாமல் போகக் கூடாது.