ஓர்லாண்டோ டிஸ்னி: பார்க் ஹாப்பர் எடுக்கலாமா?

பெரியவர்கள் மூன்று பேர், 9, 5 வயதில் இரண்டு பிள்ளைகள்; நான்கு நாள், டிஸ்னியின் நான்கு பூங்கா (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம்). ஒரு நாளுக்கு ஒரு பூங்கா டிக்கெட்டே போதுமா, ஒரே நாளில் பூங்கா விட்டுப் பூங்கா மாற விடும் ஹாப்பர் வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பார்த்தவரை: ஹாப்பருக்கான கூடுதல் தொகையை ஒவ்வொருவருக்கும் கட்டணும், 5 வயதுப் பிள்ளைக்கும் சேர்த்து. நாள் கூடினால் இந்தத் தொகை அதே அளவில் கூடாது. அதனால் நாள் குறைந்த டிக்கெட்டில்தான் ரொம்பக் கடிக்கும். 2024 ஜனவரியிலிருந்து மதியம் வரை காத்திருக்காமல் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

சிக்கல் போக்குவரத்துதான். எப்காட்டின் பின்வாசலிலிருந்து ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கு ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் உண்டு, நடுவில் ஒருமுறை மாறணும். மேஜிக் கிங்டமுக்கு மோனோரயில், அதிலும் மாறணும். அனிமல் கிங்டமுக்குப் பஸ் அல்லது கார்தான். வாசல் சோதனையையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் போகாதா?

அனிமல் கிங்டம் சீக்கிரமே மூடிவிடும். அன்று மாலை எப்காட்டில் வாணவேடிக்கை பார்ப்பது ஒன்றுதான் ஹாப்பருக்கு உருப்படியான காரணமாகத் தெரிகிறது. அந்த ஒரு மாலைக்காக ஐந்து பேருக்கும் கட்டுவதா? சாதா டிக்கெட்டோடு போய், தேவைப்பட்டால் அங்கேயே ஹாப்பராக மாற்றியவர்கள் உண்டா? வரிசை எப்படி?