புதுப்பிப்பு: என் குதிக்கும் ரோவர் ஒருவழியாகத் தரையில் நின்றது

ரியூகு என்ற குறுங்கோளின் கணினி சிமுலேஷனில், மதிப்பெண் வாங்கி வாங்கித் தானே குதிக்கப் பழகும் என் ரோவர் (ஆய்வு ஊர்தி) ஒவ்வொரு முறையும் விண்வெளிக்குப் பறந்துவிடுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். காரணம் பிடிபட்டது.

அங்கே ஈர்ப்பு, பூமியில் இருப்பதில் சுமார் 80,000-இல் ஒரு பங்கு. நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் எம்பினாலே திரும்பி வராது. நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. நானோ வேகத்துக்கு வரம்பே வைக்காமல், இலக்குப் பக்கம் நகர்ந்த தூரத்துக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்திருந்தேன். சரி, என் தப்புதான்.

வரம்பு வைத்ததும் அடுத்த கூத்து. தரை எங்கும் ஒரே மாதிரி துள்ளவிட்டதால், மூன்றாவது துள்ளலில் இலக்கில் விழும்படி மனப்பாடம் செய்துவிட்டது! துள்ளும் அளவை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றிப் பயிற்சி கொடுத்தேன். இப்போது பெரிதாக ஒரு குதி, அப்புறம் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று என்று கிட்டே போகிறது.

2018-இல் நிஜ ரியூகுவில் இறங்கிய ஜப்பானின் மினர்வா ரோவர்களுக்கு எத்தனை சக்கரம் என்று ஒருவர் கேட்டிருந்தார். வெளியே ஒன்றுமே கிடையாது. உள்ளே மோட்டார் சுழலும் உதையில் உடம்பே எம்பும். என் ரோவரும் அந்த வகைதான்.

பாறைகளை இன்னும் சேர்க்கவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை வேலை.