மதுரையில இருந்து மெரினாவுக்கு வீல்சேர்ல, யாரும் தூக்காம போக முடியுமா?

வைகைக்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம். மரத்துல இருந்து விழுந்து முதுகுத்தண்டுல அடிபட்டு ஆறு வருஷம் ஆச்சு, இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல. வேலூர் பாகாயத்துல ரீஹேப் (மறுவாழ்வுப் பயிற்சி) முடிச்சதுல இருந்து தெருவுக்கு, கடைக்கு எல்லாம் நானே தள்ளிக்கிட்டுப் போயிருவேன். அடுத்த மாசம் அக்கா மக சடங்குக்கு மெட்ராஸ் போகணும், அப்படியே கடலையும் பாத்துட்டு வரணும்னு ரொம்ப நாள் ஆசை. போன தடவை ரயில்ல ஏத்துறப்ப நாலு பேரு ஆளுக்கு ஒரு கை காலைப் பிடிச்சுத் தூக்குனாங்க, நல்ல மனசுலதான் செஞ்சாங்க, ஆனா வேட்டி நழுவி யூரின் பை இழுபட்டு அத்தனை சனமும் பாத்துருச்சு. அதுல இருந்து நான் எங்கயுமே போகல. இந்தத் தடவை மச்சினன் கூட வர்றான். யாரும் தூக்காம போயிட்டு வர வழி இருக்கா?

பாண்டியூர் செல்வம்:
அண்ணே வணக்கம், நானும் வீல்சேர்தான், மாசம் ஒரு தடவையாவது ரயில் ஏறுறவன். மொதல்ல சலுகைக்கான ரயில்வே அடையாள அட்டை வாங்கிருங்க, ஸ்லீப்பர், தேர்ட் ஏசில 75 சதவீதம் குறையும், செகண்ட் ஏசின்னா 50, கூட வர்ற மச்சினனுக்கும் அதே சலுகைதான். சாதாரணப் பெட்டில ஏறுனா நடைபாதைல சேர் போகாது, டாய்லெட்டு பக்கமே போக முடியாது. மாற்றுத்திறனாளி பெட்டி தனியா இருக்கும், பெரும்பாலும் ரயிலோட ஒரு கோடியில, கதவு அகலம், டாய்லெட்டுக்குள்ள சேரோட போகலாம். வேற ஆளுங்க உக்காந்து எந்திரிக்க மாட்டேன்னா ரயில்வே உதவி எண் 139க்கு அடிங்க, கூச்சப்படாதீங்க. வந்தே பாரத்லயும் கோடிப் பெட்டில சேர் நிறுத்த இடம், பெரிய டாய்லெட் எல்லாம் உண்டு. ஆனா எந்த ரயிலா இருந்தாலும் ப்ளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல உயரம் இருக்கு பாருங்க, அங்கதான் எல்லாரும் தூக்க வந்துருவாங்க. ஒரு மணி நேரம் முன்னாடியே போயி ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட மடக்கு ராம்ப், அதாவது சேரை உருட்டி ஏத்துற சாய்வுப் பலகை இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா சேரோட சேர்த்துத்தான் ஏத்தணும், ஆள விட்டுட்டு சேரோட சட்டத்தைப் பிடிங்கன்னு நீங்களே சத்தமா சொல்லுங்க, மச்சினன் பின்னாடி கைப்பிடில இருக்கட்டும். வேட்டி வேணாம்ணே, ட்ராக் பேண்ட் போடுங்க, பையை ஏறுறதுக்கு முன்னாடி காலி பண்ணி கால்ல கட்டிருங்க.

அடையாறு அக்கா:
தம்பி, நீங்க எழுதுனதப் படிச்சிட்டு மனசு கனத்துப் போச்சு, எனக்கு போலியோ, சின்ன வயசுல இருந்தே இந்தத் தூக்குறது எனக்கும் பழக்கம்தான், அம்பது வயசுலயும் அது பிடிக்கல. எழும்பூர்ல எறங்குனா வெளிய வந்ததுமே மெட்ரோ இருக்கு, லிஃப்ட்ல கீழ போயிடலாம், ப்ளாட்பாரமும் ரயிலும் ஒரே மட்டம், ஒரு கை தள்ளுனா உள்ள இருப்பீங்க, உள்ள சேர் நிறுத்த தனி இடமும் இருக்கு. பஸ்ஸுன்னா 2024 ஆகஸ்ட்ல இருந்து தாழ்தளப் பேருந்து சில ரூட்ல ஓடுது, நிறுத்தத்துல பக்கவாட்டுல சாஞ்சு நிக்கும், நடுக்கதவுல ஒரு பலகையை விரிச்சு விடுவாங்க. ஆனா பஸ்ஸு ஓரத்த ஒட்டி நிக்கணும், நடுரோட்டுல நிறுத்திட்டா அந்தப் பலகை செங்குத்தா ஆயிடும், அதுல ஏறாதீங்க. எனக்குக் கஷ்டம் எப்பவும் லிஃப்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவுல இருக்குற அந்த நூறு அடிதான், ஒடஞ்ச பிளாட்பாரம், குறுக்க நிறுத்துன பைக், அதனால அந்த எடத்துக்கு மட்டும் ஆட்டோன்னு முடிவு பண்ணிட்டு வாங்க.

மெரினாவுல விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல மரப்பாதை இருக்கு, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2022 நவம்பர்ல திறந்தாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல அடிபட்டு அப்புறம் சரி பண்ணாங்க. ரெண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. நான் மொத தடவை போனப்ப கடைசி வரைக்கும் நானே தள்ளிக்கிட்டு போனேன், கூட வந்தவங்கள பத்தடி பின்னாடி வரச் சொல்லிட்டேன்.

வைகைக்கரையான்:
அக்கா, செல்வம் தம்பி, ரொம்ப நன்றி. அந்தப் பத்தடி விஷயத்தப் படிச்சிட்டு ரெண்டு தடவை திரும்பப் படிச்சேன். பாதை முடிஞ்ச பிறகு அலை வரைக்கும் போக முடியுமா? கால்ல தண்ணி பட்டாலும் எனக்குத் தெரியாது, கையிலயாவது படணும்.

அடையாறு அக்கா:
முடியும் தம்பி. காய்ஞ்ச மணல்ல முன் சக்கரம் புதைஞ்சிடும், அதனால சேரைத் திருப்பி மச்சினன பின்பக்கமா இழுக்கச் சொல்லுங்க, ஈர மணல் வந்துட்டா நல்லா உருளும். அலை லேசா இருக்குற நேரமாப் பாருங்க, பிரேக்க மட்டும் நம்பாதீங்க, அவர் கைப்பிடிய விடவே கூடாது. வெயில்ல மெத்தையும் சட்டமும் சுடும், உணர்ச்சி இல்லாத எடம் பொத்துப் போயிடும், காலைல ஆறு மணிக்கே போயிடுங்க. ஒரே எடத்துல அழுத்தி புண்ணு வராம இருக்க, கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊனி உடம்பத் தூக்குறத ரயில்லயும் விட்டுடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் பேரிங்குல நல்ல தண்ணி ஊத்திக் கழுவித் தொடச்சு எண்ணெய் விடுங்க, உப்பு ஏறுனா ஒரே வாரத்துல சக்கரம் கத்த ஆரம்பிச்சிடும்.