மார்க் ஃபைவில் பின் ரவுட்டிங்: பிட் நழுவுகிறது, பலகையைப் பிடித்து இழுக்கிறது

கேட்டவர்:
வணக்கம். ஒஹாயோவில் இருக்கிறேன். போன வருடம் பழைய ஷாப்ஸ்மித் மார்க் ஃபைவ் மரவேலை மெஷின் ஒன்று வாங்கினேன். டேபிள் ஸா, கடைசல், டிஸ்க் சாண்டர், ட்ரில் பிரஸ், படுக்கைவாட்டில் துளை போடுவது என்று ஐந்து வேலையும் ஒரே மெஷினில். எனக்கு ரொம்பப் பிடித்த மெஷின்.

பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு வால்நட் மரத்தில் எட்டுப் பல்லாங்குழிப் பலகை செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பலகைக்கு 14 குழி, மொத்தம் 112. எல்லாம் ஒரே அளவில் வரவேண்டும். மெஷினை ட்ரில் பிரஸ்ஸாக நிமிர்த்தி, மேசையில் பின் (நிமிர்ந்து நிற்கும் வழிகாட்டிக் கம்பி) வைத்து, டெம்ப்ளேட்டை (குழிகளுக்கான துளை போட்ட மாதிரித் தகடு) பலகைக்கு அடியில் ஒட்டி, சக்கில் (பிட்டைப் பிடிக்கும் பகுதி) முக்கால் அங்குலக் கிண்ண பிட்டை (குழி குடையும் வெட்டுமுனை) மாட்டினேன். அந்தப் பின் டெம்ப்ளேட் துளையின் ஓரத்தை ஒட்டிப் போவதால் பிட்டும் அதே வடிவத்தில் வெட்டும், இதுதான் பின் ரவுட்டிங். வேகம் 5200, அதற்கு மேல் இதில் கிடையாது. பலகை வெடுக்கென்று இழுக்கிறது. குழியின் சுவர் செதில் செதிலாகப் பெயர்கிறது. மூன்றாவது குழியில் பிட் சக்கிலிருந்து கால் அங்குலம் கீழே இறங்கி, அந்தக் குழி மட்டும் ஆழமாகிவிட்டது. பலகையை எப்படிப் பிடித்தால் சரியாகும்?

பதில் 1:
முதலில் நிறுத்துங்கள் தம்பி. இது பிடிக்கிற விதத்தில் தீராது. அடுத்த முறை பிட் நழுவும்போது உங்கள் விரல் எங்கே இருக்கும் என்று தெரியாது.

ட்ரில் சக் மேலிருந்து கீழே அழுத்துகிற வேலைக்குச் செய்தது. மூன்று தாடையால்தான் பிடிக்கும். பக்கவாட்டில் தள்ளினால் பிடி தளர்ந்து பிட் மெல்ல மெல்ல இறங்கும். ரவுட்டரின் (மரம் குடையும் அதிவேகக் கைமெஷின்) காலெட் என்னும் பிடி பிட்டின் தண்டைச் சுற்றிலும் கவ்வுவது அதற்காகத்தான்.

அடுத்தது வேகம். இரண்டு வெட்டு முனை உள்ள பிட் 5200 சுற்றில் நிமிடத்துக்கு 10,400 தடவைதான் மரத்தைத் தொடுகிறது. ரவுட்டரில் 18,000 வைத்தால் 36,000 தடவை. நீங்கள் தள்ளும் வேகம் அதேதான் என்றால், ஒவ்வொரு கடியும் மூன்றரை மடங்கு பெரிது. இழுப்பும் செதிலும் அங்கிருந்துதான் வருகின்றன. புதிய மின்னணுத் தலைப்பகுதி போட்டால் 10,000 வரை போகும். ஆனால் இந்த ஒரு வேலைக்காக அந்தச் செலவு வேண்டாம் என்பது என் கருத்து.

அமைப்பைத் தலைகீழாக்குங்கள். சாதாரண ரவுட்டரை ஒரு சின்ன ரவுட்டர் மேசைக்கு அடியில் மாட்டுங்கள். மார்க் ஃபைவின் மேசையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் குவிலுக்கு (சக்கை மேலும் கீழும் நகர்த்தும் குழல்) நேர் கீழே இதைக் கொண்டுவந்து, மெஷினோடு அசையாமல் கிளாம்ப் போடுங்கள். சக்கில் பிட்டுக்குப் பதிலாக அரை அங்குல இரும்புக் கம்பி. அதுதான் பின். குவில் நாலேகால் அங்குலம் இறங்கும், பூட்டும் இருக்கிறது. நமக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். டெம்ப்ளேட் பலகைக்கு மேலே கண்ணுக்கு எதிரே இருக்கும். மரச்சீவலும் குழிக்குள் தங்காமல் கீழே விழும்.

மார்க் ஃபைவின் பிளக்கைக் கட்டாயம் பிடுங்கி வையுங்கள். பின் சுழலவே கூடாது.

கேட்டவர்:
நன்றி அண்ணா, இப்படி நான் யோசிக்கவே இல்லை. பின்னும் பிட்டும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது? பின் அரை அங்குலம், பிட் முக்கால் அங்குலம் என்றால் அளவு மாறாதா?

பதில் 1:
ஒரு கெட்டி மரக்கட்டையில் நேராக அரை அங்குலத் துளை போடுங்கள். ரவுட்டரின் காலெட்டில் அரை அங்குலக் கம்பி ஒன்றைப் பிடித்து, கட்டையை அதில் செருகுங்கள். குவிலை இறக்கினால் மேலே உள்ள பின்னும் அதே துளையில் இடிக்காமல் நுழையவேண்டும். நுழைகிற இடத்தில் மேசையை இறுக்குங்கள். சின்னப் பிசகு இருந்தாலும் 14 குழியும் ஒரே பக்கமாக ஒதுங்கும், அதனால் இதில் பொறுமை வேண்டும்.

அளவு மாறும், ஆனால் கணக்கு சுலபம். டெம்ப்ளேட் துளையிலிருந்து பின்னின் விட்டத்தைக் கழித்து, பிட்டின் விட்டத்தைக் கூட்டினால் குழியின் அகலம். துளை இரண்டரை அங்குலம் என்றால் குழி இரண்டேமுக்கால். இரண்டரை அங்குல ஹோல் ஸா (வட்டத் துளை வெட்டும் ரம்பம்) எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பதில் 2:
சுழலும் பிட் மேல் பலகையை இறக்கிவிடாதீர்கள். முதலில் மார்க் ஃபைவிலேயே ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒன்றேகால் அங்குல ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் (தட்டையான அடியுள்ள துளை போடும் பிட்) அரை அங்குல ஆழம் எடுத்துவிடுங்கள். அப்புறம் அந்தப் பள்ளம் பிட்டுக்கு மேலே வரும்படி பலகையை வைத்து, பின்னை டெம்ப்ளேட் துளைக்குள் இறக்கிப் பூட்டி, பிட் எதையும் தொடாத நிலையில் ரவுட்டரின் சுவிட்சைப் போடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது பலகை இடஞ்சுழியாகச் சுற்றவேண்டும். மாற்றிச் சுற்றினால் பிட் பலகையைப் பறித்துக்கொண்டு போகும். ஒரு சுற்றுக்கு எட்டில் ஒரு பங்கு அங்குல ஆழம் போதும்.

பதில் 3:
பிளஞ்ச் ரவுட்டரும் (பிட்டை மேலிருந்து மரத்துக்குள் இறக்கக்கூடியது) கைடு புஷ்ஷும் (டெம்ப்ளேட் ஓரத்தை ஒட்டிப் போகும் வளையம்) இருந்தால் டெம்ப்ளேட்டை மேலே வைத்துக் கையாலேயே எடுத்துவிடலாம். ஒரு பலகை என்றால் அதைத்தான் சொல்வேன். 112 குழிக்கு பின் அமைப்பு லாபம்.

கேட்டவர்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நேராக்கவே ஒரு மாலை போனது. டெம்ப்ளேட் பலகையின் முதுகில் ஒட்டுவதால் இரண்டின் ஓரமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது முதல் பலகையில் புரிந்தது. இப்போது ஐந்து பலகை முடிந்திருக்கிறது. சுவர் வழவழப்பாக வருகிறது, இழுப்பே இல்லை. குழியின் அடியில் மட்டும் பிட்டின் வட்டத் தடம் லேசாகத் தெரிகிறது. புளியங்கொட்டை போட்டு ஆடுகிற பலகை என்பதால் உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் பூசுகிறேன். அந்தத் தடத்தைக் குறைக்க வேறு வழி இருக்கிறதா அண்ணா?

பதில் 1:
கடைசிச் சுற்றில் பிட்டைத் தாள் கனத்துக்கு மட்டும் உயர்த்தி, வழிகாட்டிப் பின் டெம்ப்ளேட் துளையின் ஓரத்தோடு நில்லாமல் நடுவிலும் குறுக்கும் நெடுக்கும் போகும்படி பலகையை நகர்த்துங்கள். மீதியை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.