புதுப்பிப்பு: இணையமின்றி மின்னஞ்சல் வழியே கடல் வானிலை

இணையப் பக்கங்கள் திறக்காத, மின்னஞ்சல் மட்டுமே மெல்ல வந்து சேரும் செய்மதித் தொடர்பில் கடல் வானிலை எதிர்வுகூறலைப் பெறும் வழியை மயிலிட்டியிலிருந்து கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, செயில்டொக்ஸ் தன்னியக்க அஞ்சல் சேவையின் ‘ஸ்பொட்’ கட்டளையைப் பரிந்துரைத்த ஆலோசனையே. அச்சேவையின் ‘குவெரி’ முகவரிக்கு, தலைப்பு வரியில் எதை எழுதினாலும் சரி, மடலின் உள்ளே ஆங்கில எழுத்துகளில் ‘சென்ட் ஸ்பொட்:10.0என்,80.1ஈ’ என்ற ஒற்றை வரியை இட்டு அனுப்பினால், காங்கேசன்துறைக்கு வடக்கேயுள்ள அந்தப் புள்ளிக்குரிய காற்றும் அமுக்கமும் வெறும் எழுத்து அட்டவணையாகத் திரும்பி வருகின்றன. கிரிப் எனப்படும் வானிலைத் தரவுக் கோப்பைக் கேட்கும் யோசனையும் பலித்தது. ஆனால் அதைத் திறக்கத் தனிச் செயலி வேண்டும், படகிலுள்ள பழைய கைப்பேசிக்கு அது வீண் சுமை.

எதிர்பாராதது, அட்டவணையின் நேரம் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருந்ததுதான். 5 மணி 30 நிமிடம் கூட்டிப் பார்த்தால், அதில் 18:00 என்றிருப்பது நமக்கு இரவு 11:30. காற்றின் வேகம் நொட்டிலும் (மணிக்கு எத்தனை கடல்மைல்), அது வீசிவரும் திசை பாகையிலும் தரப்படுவதால், 225ஐ ஒட்டி வந்தால் சோளகம் (தென்மேற்குக் காற்று), 45ஐ ஒட்டி வந்தால் வாடை (வடகிழக்குக் காற்று) என்று கொள்ளலாம்.

இது ஜிஎஃப்எஸ் என்னும் அமெரிக்கக் கணினி மாதிரியின் கணிப்பு மட்டுமே. மனிதர் எவரும் சரிபார்த்து அனுப்புவதில்லை, புயல் எச்சரிக்கையும் இதில் வராது. ஆகவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலை வானொலியில் கேட்பதை நாங்கள் விடவில்லை.