கட்டணத்தைக் குறைப்பதா, கொடுப்பதைக் கூட்டுவதா? பொருளாதார நெருக்கடிக் காலத்தில் நிர்வாண ரிசார்ட்டுகள்

கணக்குப்பிள்ளை:
ஃபுளோரிடாவில் சின்ன விடுதிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அவற்றில் ஒன்று உடையில்லாமல் தங்கும் ரிசார்ட். 2008 ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோல் காலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வேலையில்லாதோர் 10 சதவீதம். ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கும் வசதியுள்ள பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு வடக்கிலிருந்து வந்து குளிர்காலம் முழுக்கத் தங்குகிறவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வாசல் கட்டணத்தைக் குறைக்கலாமா?" என்பதுதான். வேண்டாம் என்றேன். இன்றும் அதையே சொல்வேன்.

10 பேர் குளித்தாலும் 200 பேர் குளித்தாலும் குளத்துக்குக் குளோரின் போட்டே ஆக வேண்டும். காப்பீடு, சொத்து வரி, புல் வெட்டும் கூலி எதுவும் குறையாது. உதாரணத்துக்கு, 60 இடங்கள் 40 டாலருக்குப் போனால் 2,400 டாலர். அதை 30 டாலர் ஆக்கினால் அதே 2,400-க்கு 80 இடங்கள் நிரம்ப வேண்டும். பெட்ரோலுக்கே யோசிக்கிறவர், பத்து டாலர் குறைந்தது என்று ஆயிரம் மைல் ஓட்டி வருவாரா? கட்டணத்தைத் தொடாமல் கொடுப்பதைக் கூட்ட வேண்டும். மூன்று இரவு தங்கினால் நான்காவது இரவு இலவசம். சமைத்துக்கொள்ள ஒரு பொதுச் சமையலறை. சனிக்கிழமை ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் கூட்டு விருந்து. வந்தவருக்குச் செலவு குறையும், விடுதிக்கும் பெரிய இழப்பில்லை.

தெற்குக்காற்று:
சார், நீங்கள் ஆயிரம் மைல் தள்ளி இருப்பவரை மட்டுமே பார்க்கிறீர்கள். நாற்பது மைலில் இருக்கிறவர்? மயாமி பக்கம் ஹாலோவர் கடற்கரையில் 1991 முதல் ஒரு பகுதியில் உடையில்லாமல் இருக்கலாம். வண்டி நிறுத்தும் காசு கொடுத்தால் போதும். வேலை போன தம்பதி அங்கேதான் போவார்கள். நான்காவது இரவு இலவசம் என்பது, மூன்று இரவுக்குப் பணம் வைத்திருப்பவருக்குக் கொடுக்கும் சலுகை. ஒரு பகல் மட்டும் வந்து போகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது?

நேச்சரிசம் என்ற இந்த உடையில்லா வாழ்க்கை இயக்கம் எப்படி வளர்ந்தது என்பதையும் பாருங்கள். பிரான்சின் அட்லாண்டிக் கரையில் மோன்டாலிவே முகாமை ஆல்பெர் லெகோக் 1950-இல் தொடங்கினார். போர் முடிந்து ஐந்தே வருடம், யாரிடமும் பணமில்லை. பைன் மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். உலக நேச்சரிஸ்ட் கூட்டமைப்பு 1953-இல் பிறந்ததும் அங்கேதான். கையில் காசில்லாதவர் வந்து போக முடிந்ததால்தான் அது வளர்ந்தது என்று நான் நம்புகிறேன்.

வானதி:
ஹாலோவரோடு ஒப்பிட்டதால் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் என் கணவரும் ஒரு ரிசார்ட்டுக்குப் போயிருந்தோம். அந்த வார இறுதிக்கு ஏதோ ஒரு கூப்பன் தளத்தில் பாதி விலைக்கு டிக்கெட் விற்றிருக்கிறார்கள். புதிதாக வந்தவர்களில் பலர் உடையைக் கழற்றவே இல்லை. குளத்தைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கையில் போன். அரைமணி நேரத்தில் நாங்கள் அறைக்குப் போய்விட்டோம். வழக்கமாக வரும் இரண்டு தம்பதிகள் அன்று மாலையே கிளம்பிவிட்டார்கள்.

நீச்சல் குளம் எங்கள் அபார்ட்மென்டிலேயே இருக்கிறது. யாரும் உற்றுப் பார்க்காத ஒரு மத்தியானத்துக்குத்தான் நான் அங்கே காசு கொடுக்கிறேன். பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அது இல்லாவிட்டால் ஐந்து டாலருக்குக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

தெற்குக்காற்று:
வானதி அக்கா, உங்களுக்கு நடந்தது மோசம்தான். ஆனால் அதை விலையின் தலையில் போடாதீர்கள். முழுக் காசு கொடுத்து வந்தவனும் உற்றுப் பார்ப்பான். கட்டணத்தைச் சல்லடையாக வைத்தால் காசில்லாதவர்தான் வெளியே நிற்பார், கெட்டவன் உள்ளே போய்விடுவான்.

சல்லடை வாசலில் இருக்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்ப்பது, முதல் தடவை வருகிறவரைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுவது, உட்காருமுன் துண்டு விரிக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது, குளத்தில் உடை கூடாது என்று நேரில் சொல்வது, போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது. நல்ல இடங்களில் இதெல்லாம் நடக்கிறது. ஆனால் இதற்கு ஓர் ஆள் வேண்டும். நெருக்கடி வந்தால் முதலில் போவது அந்த ஆளின் வேலைதான். கணக்குப்பிள்ளை சார், உங்கள் ரிசார்ட்டில் அவரை வேலையிலிருந்து எடுத்தார்களா இல்லையா?

கணக்குப்பிள்ளை:
எடுத்தார்கள். அந்தச் சம்பளத்தைக் குறைக்கலாம் என்று கணக்கில் காட்டியவனே நான்தான். ஆறு மாதத்தில் பெண்கள் வருவது குறைந்தது. அதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு எனக்கு அப்போது தெரியவில்லை. வானதி மேடம் எழுதியதைப் படித்தபோது மனசு சங்கடப்பட்டது. அந்த யோசனை தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கட்டண விஷயத்தில் நான் மாறவில்லை. வருடச் சந்தா கட்டியவர்கள் இருக்கிறார்கள். டாம்பாவுக்கு வடக்கே பாஸ்கோ கவுன்டியில் இப்படிப்பட்ட குடியிருப்புகளில் வீடே வாங்கி வருடம் முழுக்க வாழ்கிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து வருகிறவருக்கு விலையைக் குறைத்தால், "நாங்கள் மட்டும் ஏன் முழுசாகக் கட்ட வேண்டும்?" என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில்?

லியோன்வாசி:
ஐரோப்பாவில் முகாம்களையும் பாருங்கள். குரோஷியாவின் வர்சார் பக்கம் உள்ள கோவர்சாடா 1961-இல் திறந்தது. குரோஷியா அன்று சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது, ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். இன்றும் இந்தப் பக்கத்து முகாம்களில் சொந்தக் கூடாரத்தோடு போனால் செலவு குறைவு. ஆகஸ்டில் கொடுப்பதைவிட ஜூனிலும் செப்டம்பரிலும் நன்றாகக் குறையும். காலையில் முகாம் கடையிலேயே ரொட்டி வாங்கலாம். உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கிளப்புகளும் உண்டு. புல் வெட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் அவர்களே, அதனால் சந்தாவும் குறைவு.

கணக்குப்பிள்ளை:
கூட்டுறவு நல்லதுதான். ஆனால் இங்கே உறுப்பினர்களில் பாதிப் பேர் எழுபதைத் தொடுகிறவர்கள். கூரை மேல் யார் ஏறுவது?

தெற்குக்காற்று:
அதற்குத்தான் இளையவர்கள் வேண்டும். 35 வயதுக்குக் கீழே இருப்பவருக்குக் குறைந்த சந்தா வைத்திருக்கும் கிளப்புகள் அமெரிக்காவிலேயே இருக்கின்றன. அதுவும் விலைக் குறைப்புதானே சார்?

கணக்குப்பிள்ளை:
சரி, அந்த அளவுக்கு வருகிறேன். ஃபுளோரிடாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இடம் காலியாகத்தான் கிடக்கும். அந்த மாதங்களில் பக்கத்து ஊர் இளைஞர்களுக்குப் பாதிக் கட்டணம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒரு காசு குறைக்க மாட்டேன். வருட வருமானமே அதில்தான் இருக்கிறது.

தெற்குக்காற்று:
அதாவது, கொளுத்தும் வெயிலும் பிற்பகல் இடிமழையும் காசில்லாதவருக்கு, இதமான குளிர்காலம் காசுள்ளவருக்கு. எனக்கு இது ஒப்பவில்லை. ஜனவரியிலும் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையாவது குறைத்துக் கொடுங்கள். வார நாளில் எப்படியும் கூட்டம் இருக்காது.

வானதி:
செவ்வாய்க்கிழமையோ ஜூலையோ, எதுவானாலும் சரி. வாசலில் அந்த ஆள் இருக்க வேண்டும். அவர் சம்பளத்துக்காக என் கட்டணத்தில் இரண்டு டாலர் கூட்டினாலும் தருகிறேன்.