மருத்துவ ஸ்டாக்கிங்ஸில் இழை விட்டு ஓடுகிறது: சரிசெய்ய முடியுமா?

பாதிரிக்கொடி, திருப்பாதிரிப்புலியூர்

வணக்கம். லாரன்ஸ் சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறேன். கடை திறந்தது முதல் அடைக்கும் வரை நின்றபடியே வேலை. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டதால், முழங்காலுக்குக் கீழே போடும் ஸ்டாக்கிங்ஸ் அணியும்படி மருத்துவர் சொன்னார். பெட்டியில் அழுத்தம் 23–32 என்று போட்டிருக்கிறது. என் சம்பளத்துக்கு அதன் விலை பெரிது. புதுக்கருக்கு மாறுவதற்குள் வலது காலில் விரல் பக்கம் ஒரு நூல் அறுந்து, பாதத்தின் மேல் ஏணி போல ஓடியிருக்கிறது. மாட்டும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. நகப்பூச்சு தடவினால் நின்றுவிடும் என்று உடன் வேலை செய்யும் பெண் சொல்கிறாள். தடவலாமா? தைத்தால் அழுத்தம் கெடுமா? அடுத்த ஜோடியாவது பிழைக்க வழி சொல்லுங்கள்.

ஆரி ஊசி, புதுச்சேரி

சகோதரி, நெய்த துணியில் நூல் அறுந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும், அவ்வளவுதான். இது பின்னிய துணி. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி என்று கோத்திருப்பதால், ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுவதும் கழன்றுகொண்டே போகும். ஆகவே ஓட்டம் நின்றிருக்கும் நுனியை முதலில் பிடிக்க வேண்டும். நிறமில்லாத நகப்பூச்சு அதற்கு உதவும். ஆனால் காலில் போட்டபடி தடவாதீர்கள், தோலோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றி, உள்ளே ஓர் அட்டையைச் செருகி, நுனியில் ஒரு சொட்டு மட்டும் வைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

பூச்சைவிட எனக்குப் பிடித்த வழி, கண்ணிகளைத் திரும்ப ஏற்றுவது. ஆரி வேலை செய்பவர்கள் உடனே ஆரி ஊசியை எடுப்பார்கள். வேண்டாம், அதன் கூர்முனை இழையையே பிளந்துவிடும். குரோஷா ஊசியில் மிக மெல்லியதாக, 0.6 மி.மீ. அளவில் கேட்டு வாங்குங்கள். ஸ்டாக்கிங்ஸை ஒரு டம்ளர் மேல் இழுத்து மாட்டி வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் ஒரு கண்ணி தனியாக நிற்கும், அதற்கு அப்பால் குறுக்கு நூல்கள் வரிசையாகத் தெரியும். கண்ணிக்குள் ஊசியை விட்டு, முதல் குறுக்கு நூலைக் கொக்கியில் பிடித்து உள்ளே இழுங்கள். அதுவே புதிய கண்ணி ஆகும். அதற்குள் அடுத்த நூல். இப்படியே அறுந்த இடம் வரை வந்து, கடைசிக் கண்ணியை அதே நிற மெல்லிய நூலால் கட்டிவிடுங்கள். முதல் நாலைந்து கண்ணி வரைதான் தடுமாற்றம், பிறகு கை பழகிவிடும். நகப்பூச்சை இதற்கு முன்னால் தடவிவிடாதீர்கள், கண்ணி இறுகி ஊசி நுழையாது.

வெண்தொப்பி, மஞ்சக்குப்பம்

நான் ஓய்வுபெற்ற செவிலியர். இந்த ஸ்டாக்கிங்ஸ் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தும்படி பின்னப்பட்டது. விரல் பக்கத்தில் சின்னக் கிழிசலைத் தைத்து, புதிது வாங்கும் வரை சமாளிக்கலாம். ஓட்டம் கணுக்காலைத் தொட்டுவிட்டால் அதை நம்பாதீர்கள், மாற்றியே ஆக வேண்டும். காய்ந்த நகப்பூச்சும் தடித்த முடிச்சும் தோலை உராயும். சர்க்கரை நோய் இருந்து பாதம் மரத்துப்போனவர்கள் இரண்டையுமே தவிர்க்க வேண்டும். புண் விழுந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

நீங்கள் மெட்டி போடுகிறீர்களா?

பாதிரிக்கொடி

ஆமாம் அம்மா, இரண்டு காலிலும்.

வெண்தொப்பி

மெட்டியின் அடிப்பக்கத்தில் இரண்டு முனைகளும் சேராமல் ஓர் இடைவெளி இருக்கும், விரலுக்குத் தக்கபடி நெருக்குவதற்காக. பழைய நைலான் துணியை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். பிடித்தால் ஆசாரியிடம் கொடுத்து முனைகளை மழுக்கிக்கொள்ளுங்கள், அதுவரை மருத்துவ ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். குதிகால் வெடிப்பையும் அதே துணியால் சோதியுங்கள். களிம்பை இரவில் தடவுங்கள், எண்ணெய்ப் பசை இந்த மீள் இழைக்கு ஆகாது. அடுத்த முறை விரல் பக்கம் திறந்திருக்கும் வகை உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரைக் கேளுங்கள். மெட்டி வெளியே நின்றுவிடும், அதைக் கழற்ற வேண்டியதில்லை.

மேல் விளிம்பைப் பிடித்து இழுத்து மாட்டாதீர்கள். குதிகால் வரை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, பாதத்தை நுழைத்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையோடு உள்ளங்கையால் நீவி ஏற்றுங்கள். குளித்த ஈரம் முழுவதும் காய்ந்திருக்க வேண்டும், நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும்தான். மிதமான சோப்பில் கையால் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயில் கூடாது. எவ்வளவு பேணினாலும் சுமார் ஆறு மாதத்தில் இழை தளர்ந்துவிடும். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம்.

பாதிரிக்கொடி

இடதுகால் மெட்டி பிடிக்கவில்லை. வலதுகால் மெட்டியின் ஒரு முனை நூலை உடனே கவ்வியது. ஆசாரியிடம் கொடுத்துவிட்டேன். ஓட்டம் இன்னும் கணுக்காலுக்கு வரவில்லை, குரோஷா ஊசியால் கண்ணிகளை ஏற்றிவிட்டேன். தேடிப் பார்த்தால்தான் தையல் தெரிகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.

கெடிலக்கரை, கடலூர்

தங்கையே, இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு 22-அ பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்பது அது. கூட்டமில்லாத நேரத்தில் உட்காருவது நீங்கள் கேட்டு வாங்கும் சலுகை அல்ல. நாலைந்து பேர் சேர்ந்து மேலாளரிடம் கேளுங்கள்.